பாயும் வெறுந்தரையும்

(வெண்மணி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெண்மணி நினைவுச் சொற்பொழிவுக்கு இந்தப் பொருளைச் சொன்னபோது தோழர்கள் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். கூலியைப் பற்றிப் பேசலாம், நிலத்தைப் பற்றிப் பேசலாம், மிஷன்காரர்கள் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கதைக்கு இந்த மேடையில் என்ன வேலை என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அன்று கிறிஸ்துமஸ். எங்கள் சிறுவயதில் அந்த நாளுக்கு எங்கள் தெருவில் இரண்டு நிகழ்ச்சி உண்டு. காலையில் சபையில் ஆராதனை, பிள்ளைகளுக்குக் கேக்கும் ஒரு ஆரஞ்சு மிட்டாயும். சாயங்காலம் செங்கொடி ஊர்வலம். இரண்டுக்கும் போன பிள்ளைகள் நாங்கள். ஒரே நாளில் ஒரு இடத்தில் நம்மைப் பாவம் என்றார்கள், இன்னொரு இடத்தில் தோழர் என்றார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நாங்கள் என்று சொல்வது ஆறேழு பேரை. மயிலாடுதுறைக்கும் திருவாரூருக்கும் இடைப்பட்ட பகுதியில் பிறந்தவர்கள். விடுமுறை வேதாகமப் பள்ளியில் மாணவர்களாக உட்கார்ந்து, பிறகு அதே பள்ளிக்குத் தொண்டர்களாகப் போய், பிறகு விலகி வந்து காலனியில் மாலை வகுப்பு நடத்துகிறவர்கள். எங்களில் சிலர் இன்றும் சபைக்குப் போகிறோம், சிலர் போவதில்லை.

விடுமுறை வேதாகமப் பள்ளி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். மே மாதம், பத்து நாள். டவுன் சபையிலிருந்து அண்ணன்களும் அக்காள்களும் வருவார்கள். காலையில் கை கால் அசைத்துப் பாட்டு, பிறகு கதை, பிறகு மனப்பாட வசனம், பிறகு கலர் காகிதத்தில் ஒட்டு வேலை, பதினொரு மணிக்கு ரஸ்னாவும் இரண்டு பிஸ்கட்டும். காவிரியில் தண்ணீர் இல்லாத மாதம் அது. வயலில் வேலை இருக்காது, வீட்டில் அடுப்பும் ஒரு வேளைதான் எரியும். அந்த பிஸ்கட்டின் அருமை அந்த மாதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். பிஸ்கட் மட்டுமில்லை. எங்கள் தலையில் கைவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்ட முதல் வெளியாட்கள் அவர்கள்தான். பள்ளிக்கூடத்து வாத்தியார் எங்களைத் தெருப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம். அதை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச எங்களுக்கு மனசு வராது.

பத்தாம் நாள் டவுன் கோயிலில் நிறைவு விழா. எல்லாக் கிராமத்துப் பிள்ளைகளும் வருவார்கள். நாங்கள் பாட்டு நன்றாகப் பாடினோம் என்று மேடையில் ஏற்றினார்கள், கை தட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் எங்களை மட்டும் பின்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். கூட்டம் அதிகம், மண்டபத்தில் இடம் போதவில்லை என்றார் ஒரு அக்கா. அவர் பொய் சொல்லவில்லை என்று இன்றும் நினைக்கிறோம். இடம் போதாதபோது யார் வெளியே போவார்கள் என்பது அவருக்கு முன்பே முடிவாகியிருந்தது, அவ்வளவுதான். அது எந்தச் சபை என்பது முக்கியமில்லை. டெல்டாவில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுவீர்கள்.

அந்த மரத்தின் வேர் எவ்வளவு தூரம் போகிறது என்று தேடினால் அது தரங்கம்பாடியில் போய் நிற்கிறது. தஞ்சை நாயக்கர் 1620-இல் டேனியர்களுக்குக் கொடுத்த கடற்கரை அது. 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் கற்ற கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு கிழ வாத்தியாரை அவருடைய பிள்ளைகளோடு தன் இடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுதிப் பழகினார். இந்தக் காட்சியை அழகான காட்சி என்று பாடப்புத்தகம் எழுதும். நாம் வேறொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கடல் கடந்து அப்போதுதான் வந்திறங்கிய ஒருவருக்கு அந்த மணலில் இடம் கிடைத்தது. இந்த மண்ணிலேயே உழுதுகொண்டிருந்தவரின் பிள்ளைக்கு ஊர்த் திண்ணையில் இடம் கிடையாது.

அந்த இடத்தை மிஷன் பள்ளி ஓரளவு திறந்தது என்பது உண்மை. 1707 மே 12 அன்று அங்கே முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் அடிமைகள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது, சோறும் துணியும் கொடுத்தார்கள், அச்சுக்கூடம் வந்தது, தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. ஆனால் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் கோயிலுக்குள் என்ன நடந்தது? வேளாளக் கிறித்தவர்களுக்குப் பாய், பறையர் கிறித்தவர்களுக்கு வெறுந்தரை, நடுவில் இடைவெளி. இந்த ஏற்பாட்டை மிஷனரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். பள்ளிக்குள் பிள்ளைக்கு எழுத்து கிடைத்தது. அந்த எழுத்தால் வேதத்தை வாசித்துக்கொண்டே அவன் வெறுந்தரையில் உட்கார்ந்தான்.

இங்கே ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ராஜநாயக்கன். பறையர் சமூகத்தவர், பிறப்பில் கத்தோலிக்கர், தஞ்சை மன்னரின் படையில் சிப்பாய். தரங்கம்பாடியில் அச்சடித்த தமிழ்ப் புத்தகம் கைக்குக் கிடைத்து, அதை வாசித்து, கேள்விகள் எழும்பி, 1727-இல் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார். யாரும் பிஸ்கட் கொடுத்து அழைத்துவரவில்லை, வாசித்து வந்தவர். தஞ்சைப் பகுதியில் உபதேசியாக ஊர் ஊராகப் போய்ச் சபைகளை வளர்த்தார். எதிர்ப்பும் அடியும் அவர் குடும்பத்துக்குக் குறைவில்லை. 1733-இல் தமிழர் ஒருவரையே குருவாக அபிஷேகம் செய்யலாம் என்று மிஷன் முடிவெடுத்தபோது அவர் பெயரும் பேச்சில் இருந்தது. டிசம்பர் 28 அன்று குருவானவர் வேளாளரான ஆரோன். அடுத்தது 1741-இல், அதிலும் ராஜநாயக்கனுக்கு இடமில்லை. காரணத்தை மிஷனரிகள் மறைக்கவில்லை. அவரிடம் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்றார்கள். 1771-இல் இறக்கும்வரை உபதேசியாகவே இருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்த ஆள். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் கை மட்டும் அவருடையதாக இருக்க முடியவில்லை.

மாணவ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சமூகவியல் வகுப்பில் எங்களுக்குச் சமூக நகர்வு என்று ஒரு பாடம் நடத்தினார்கள், கல்வி வந்தால் ஏணி வரும் என்று. ராஜநாயக்கன் அந்தப் பாடத்தில் இல்லை. நம்மிடமிருந்து வாங்கிக்கொள் என்று சொல்வது எளிது. நீ கொடு, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் மிஷன் நின்றுவிட்டது. பள்ளி திறந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டால் இந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தவர் சுவார்ட்ஸ். தஞ்சாவூரில் அவர் பெயரைச் சொல்லாமல் கிறித்தவம் பேச முடியாது. சரபோஜியை வளர்த்துப் படிக்கவைத்தவர், 1798-இல் இறந்தவர். கம்பெனியின் தஞ்சை ரெசிடென்ட் ஜான் சல்லிவனோடு சேர்ந்து 1780-களின் நடுவில் தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கக் காரணமாக இருந்தார். அந்த ஆங்கில வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பிராமணப் பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் எண்ணும் எழுத்தும். கம்பெனி உத்தியோகத்துக்குப் போகும் வழி ஒன்று, பரலோகத்துக்குப் போகும் வழி ஒன்று. தீண்டத்தகாதவர்களைக் கிறித்தவராக்குவது பற்றி எழுதும்போது அம்பேத்கர் இதைத்தான் பிடிக்கிறார். மிஷன் கட்டிய கல்விக்கூடங்களின் பலன் பெரிதும் சாதி இந்துக்களுக்கே போனது என்கிறார். மதம் மாறிய தீண்டத்தகாதவர் தன்மேல் நடக்கும் சமூக அநீதியை எதிர்க்க அந்த மதம் கற்றுத்தரவில்லை என்றும் சொல்கிறார். மிஷன் செய்த நன்மையை மறுக்காமலேதான் இதை எழுதினார்.

மிஷனுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1820-களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிகள் பாயையும் வெறுந்தரையையும் ஒன்றாக்கப் பார்த்தார்கள். அதற்கு எதிராக 1829-இல் எழுதியவர் வேதநாயக சாஸ்திரி, தஞ்சை தந்த பெரிய கிறித்தவக் கவிஞர். புதிய மிஷனரிகள் செய்த கொடுமைகள் நான்கு என்று கணக்கிட்டார். பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில் கைவைத்தது, சபையில் சாதிகளை வலுக்கட்டாயமாகக் கலந்தது, விசேஷங்களில் பூமாலையை விலக்கியது, தமிழ்ச் சங்கீதத்தை விலக்கியது. இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது எங்களுக்கு ஒரு சங்கடம். மூன்றில் நாங்கள் சாஸ்திரி பக்கம். தமிழையும் பூவையும் பாட்டையும் வெள்ளைக்காரன் ஏன் எடுக்கவேண்டும்? நான்காவதில் அவர் நம்மோடு உட்கார மறுக்கிறார். பண்பாட்டு உரிமை என்ற கூடைக்குள் பூவோடு சேர்த்துச் சாதியையும் வைக்கிற வித்தை புதிதல்ல என்று அன்று புரிந்தது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று திட்டவட்டமாகச் சுற்றறிக்கை விட்டார். 1835-இல் தஞ்சைக்கே வந்தும் பேசினார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். பிற்பாடு வந்த லீப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு காட்டவில்லை, வெளியேறியவர்களில் பலருக்கு அங்கே நிழல் கிடைத்தது. ஒரு கதவை மூடினால் அடுத்த கதவு திறந்திருக்கும் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தது. நமக்கு எந்தக் கதவு?

அயோத்திதாசப் பண்டிதர் 1892-இல் சென்னை மகாஜன சபையில் எழுந்து நின்ற கதை இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். கோயில் நுழைவைக் கேட்டபோது தஞ்சையிலிருந்து வந்திருந்த ஒரு சாஸ்திரிதான் எழுந்து, உங்கள் சாமிகள் உங்களுக்கு இருக்கிறார்களே என்று மறுத்தார். தஞ்சைக்கு இந்தப் பெருமையும் உண்டு. பண்டிதர் அதோடு உட்காரவில்லை. நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி வேண்டும், தரிசு நிலம் வேண்டும் என்று கேட்டார். இரண்டு வருடம் கழித்து ஆல்காட்டின் முதல் பஞ்சமர் பள்ளி சென்னையில் வந்தது. பள்ளியையும் நிலத்தையும் பண்டிதர் ஒரே மூச்சில் கேட்டார் என்பதை டெல்டாவில் இருப்பவர்கள் மறக்கக்கூடாது. பண்ணையாளின் பிள்ளை ஏழு வயதில் மாடு மேய்க்கப் போனான். அப்பன் பண்ணையை எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் பிள்ளையின் சிலேட்டுக்கு ஆயுசு ஒரு நடவுவரைக்கும்தான். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழியச் செங்கொடி தேவைப்பட்டது. 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. கூலி கேட்டதற்கு வெண்மணியில் உயிரே போனது. கதை சொன்ன அண்ணன்கள் யாரும் பத்து நாளில் ஒருநாள்கூட எங்களிடம் உங்க அப்பாவுக்கு என்ன கூலி என்று கேட்டதில்லை.

இனி எங்கள் குற்றத்துக்கு வருகிறோம்.

2000-களின் தொடக்கத்தில் நாங்கள் ஒரு ஊழிய நிறுவனத்தின் மாலை வகுப்பில் தொண்டர்களாக இருந்தோம். பெயர் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு ஆதரவாளர். பிள்ளைக்கு ஒரு கோப்பு, அதில் உயரம், எடை, படம். வருடத்துக்கு இரண்டு கடிதம். கடிதத்தை நாங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு ஆடு இருக்கிறது என்று எல்லாக் கடிதத்திலும் வரும். பாதிப் பேர் வீட்டில் ஆடு கிடையாது, போன வருடக் கடிதத்தில் ஆடு இருந்தது, அதனால் இந்த வருடமும் இருந்தது. இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஒருநாள் படம் எடுக்கும் நாள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மஞ்சள் பாவாடை கட்டி, பவுடர் பூசி, கனகாம்பரம் வைத்து வந்தாள். பொறுப்பாளர் பார்த்துவிட்டு, இப்படி அனுப்பினால் இது ஏழைப் பிள்ளை என்று யார் நம்புவார்கள் என்றார். அவர் சொன்னது எங்களிடம். அந்தப் பிள்ளையிடம் போய்ப் பூவை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூட யூனிபாரத்தில் வா என்று சொன்னது நாங்கள். போனாள், மாற்றிக்கொண்டு வந்தாள். தோள்பட்டையில் கிழிசல் இருந்தது. படம் நன்றாக வந்தது. மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனோம். "படத்துக்குன்னுதானே தம்பி குளிப்பாட்டி, பூ வாங்கி வச்சு அனுப்புனேன்" என்றார் அவள் அம்மா. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், போடவில்லை. உட்காருங்க என்று பாயை விரித்துப் போட்டார்.

வேதநாயக சாஸ்திரியின் பூப்பட்டியலைப் பிற்பாடு படித்தபோது எங்களுக்கு அந்தக் கனகாம்பரம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் செய்தோம், தெரியாமல். வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பெயரை எழுதினோம். 1950-இன் அட்டவணைச் சாதியினர் ஆணை இந்து மதத்தவருக்கு மட்டும் என்று தொடங்கி, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறித்தவரான தலித்துக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லி 2007-இல் அறிக்கை கொடுத்தது, அது அப்படியே கிடக்கிறது. ஆகவே டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களுக்கு இரண்டு பெயர், சான்றிதழில் ஒன்று, சபையில் ஒன்று. இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால், வெறுந்தரையைச் சபையும் விட்டுவைத்து, சலுகையை அரசும் பறித்த பிறகு ஒரு தாய் என்ன செய்வாள் என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் பதிவேடு கைமாறி ஒரு குடும்பத்தின் சான்றிதழ் விசாரணைக்குப் போனது. பையன் ஒரு வருடம் விடுதியில் சேர முடியாமல் அலைந்தான். பெயர் கேட்பது சாதாரண விஷயம் என்று நினைக்கும் தொண்டர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

2017 மார்ச்சில் கம்பேஷன் என்ற பெரிய சர்வதேச நிறுவனம் இந்தியாவில் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டுப் பணத்துக்கு மத்திய அரசு முன் அனுமதி கேட்டதில் வந்த முடிவு அது. நாடு முழுக்க ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள் அதன் உதவியில் இருந்தார்கள். டில்லியில் அதைச் செய்தவர்களின் நோக்கம் நமக்குத் தெரியும், அதற்கு நாம் கைதட்டப் போவதில்லை. ஆனால் ஒரு கையெழுத்தில் மறுநாளே நின்றுபோகிற அளவுக்குத்தான் அது நம் தெருக்களில் வேர் பிடித்திருந்ததா என்ற கேள்வியும் இருக்கிறது. நாங்கள் அதற்கு முன்பே விலகியிருந்தோம். விலகினோம் என்பதில் வீரம் ஒன்றுமில்லை. அந்தத் தெருவுக்குள் நுழைய வெட்கமாக இருந்தது.

பிறகு காலனியின் சமுதாயக் கூடத்தில் சொந்தமாக மாலை வகுப்பு தொடங்கினோம். மூன்று விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தோம். படம் கிடையாது. கணக்கு மாதாமாதம் தெருவில் வாசிக்கப்படும். பாடம் சொல்லும் இடத்துக்கு அந்தத் தெருப் பிள்ளையே வரவேண்டும். முதல் இரண்டும் சுலபம். நடவு நாளில் பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள் என்பதால் இடுப்புப் பிள்ளையோடு வரலாம் என்றோம். பாதி வகுப்பு அழுகையில் போனது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் கூடத்தின் கூரையும் போனது. தார்ப்பாய்க்குக் கீழே வகுப்பு நடந்தது. நிவாரண லாரிகள் மெயின் ரோட்டில் ஊரோடு நின்றன. சென்னையிலிருந்து சபை இளைஞர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள், சேற்றில் இறங்கி வந்தார்கள். இரண்டு நாள் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்துவதாக இருந்தது. இங்கே டீச்சர் இருக்கிறார், அவரிடம் கேளுங்கள் என்றோம். டீச்சர் என்று நாங்கள் காட்டியது எங்களிடம் படித்து, கல்லூரி இரண்டாம் வருடம் போய்க்கொண்டிருந்த இருபது வயதுப் பெண். விளையாட்டு வேண்டாம், நனைந்துபோன பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகங்களைப் பிரதி எடுத்துக் கொடுங்கள் என்றார் அவர். எடுத்துக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் இன்றும் ஒவ்வொரு மார்ச்சிலும் வந்து அவர் சொல்கிற வேலையைச் செய்துவிட்டுப் போகிறார்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது அந்தப் பெண் தன்னார்வலராகச் சேர்ந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, கழுத்தில் அரசாங்க அட்டை. அவர் பட்டியலில் ஊர்த் தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. பெற்றோரிடம் போய்க் கேட்டோம். டீச்சரைக் குறை சொல்லவில்லை, நன்றாகத்தான் சொல்லித்தருகிறாராம், இடம்தான் தூரம் என்றார்கள். தூரம் முந்நூறு மீட்டர் இருக்கும். 1733-க்கும் நமக்கும் இடையிலான தூரம் அதுதான். மூன்றாம் வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின மாதம் இரண்டு பிள்ளைகள் இருட்டியபிறகு வாய்க்கால் வரப்பு வழியாகக் கணக்குக் கேட்க வந்தார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பாய்தான். டீச்சர் அவர்களை எங்கே உட்காரவைத்தார் என்று கவனித்தோம். கதவோரம் வேண்டாம், வெளிச்சம் இல்லை, நடுவில் வாங்க என்றார்.

மஞ்சள் பாவாடைப் பெண்ணை இரண்டு முறை தேடிப் போனோம். திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இந்த அரங்கில் கல்லூரி மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். சபை இளைஞர் குழுக்களில் இருப்பவர்களும் இருப்பீர்கள். வருகிற மே மாதம் காலனியில் பதினைந்து நாள் வகுப்பு இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும் எந்தப் பாடம் தெரியும் என்பதும் எழுதுங்கள். யாரை எடுப்பது, யார் எந்த வகுப்பு என்பதை டீச்சர்தான் முடிவு செய்வார், எங்களிடம் சிபாரிசு கேட்க வேண்டாம். சாப்பாடு தெருவில், வீட்டுக்கு ஒருவராக. செல்போனைக் கூடத்துக்கு வெளியே வைத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.